டேங்கரின் வலது பின்சக்கரம்

அக்டோபர் 9

அன்புத் தம்பி லூபனுக்கு ரூமியானா அக்கா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அது தனியாக உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னது. உனக்குப் பித்தப்பை எடுத்த இடம் குளிருக்கு இழுக்கிறதா? கம்பளி கொடுத்தார்களா? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற சிறை அதிகாரி ஐயாவுக்கும் என் வணக்கம். பிழைகளை அவர் பொறுத்துக்கொள்ளட்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு ஓடிவிட்டது.

வெட்கத்தை விட்டு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உன் கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தேனே, கோடையிலிருந்து தினமும் தொடுகிறேன். என் பனீத்சா பலகாரக் கடையை மூடிவிட்டு வந்ததும் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறேன். இதுவரை ஒன்றையும் முழுசாகக் கீழே இறக்கவில்லை. கடலில் இறக்கியிருக்கிறேன். ஒருமுறை சர்ச் கூரையில் இறக்கினேன். பயணிகள் யாரும் புகார் சொல்லவில்லை.

சிரிக்காதே. நீயும் அசெனும் சேர்ந்து செய்த நம் ஊர் விமான நிலையம் அந்த விமான விளையாட்டுக்குள் இருக்கிறது. அங்கே போய்ச் சும்மா நிற்பேன். நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் விளையாட்டு ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. மரியாதைக்கு 'சரி' என்று அமுக்கினேன். ராத்திரி முழுக்க எதையோ இறக்கிக்கொண்டது. காலையில் பார்த்தால் விமானத்தில் ஏறுகிற படிக்கட்டு வண்டி இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. தீயணைப்பு வண்டி ஜன்னல் வரை மண்ணுக்குள். நீ ஓட்டிய எரிபொருள் டேங்கர் மட்டும் கிட்டத்தட்டச் சரி, வலது பின்சக்கரம் கொஞ்சம் புதைந்திருக்கிறது. நீங்கள் இன்டர்நெட்டில் போட்ட விமான நிலையத்தை இலவசமாக எடுத்துக்கொண்டவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களே, அவர்கள் எழுதித் தள்ளுகிறார்கள். ஒரு போலந்துக்காரர், "உங்கள் ஊரில் வண்டிகளெல்லாம் ஆவிகளா?" என்று கேட்டிருக்கிறார்.

இனி முக்கியமானது. போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறாய், அதனால் எழுத்தில் கேட்கிறேன். ஏப்ரலில் உனக்கு விடுதலை. வீட்டுக்கு வருவாயா, மாட்டாயா? நீ டேங்கரைப் பின்னால் எடுக்கும்போது உன் சிநேகிதன் அசென் அடிபட்டுச் செத்தான். நீ குற்றத்தை ஒத்துக்கொண்டாய், உள்ளே போனாய், அதோடு கணக்குத் தீர்ந்தது. அவன் மனைவி நேவெனா நமக்குக் கீழ்வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். படிக்கட்டில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறாள். கட்டடத்தின் வாசல் கதவில் அசெனின் இரண்டாம் ஆண்டு நினைவு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாள், படத்தோடு. தினமும் அவன் முகத்தைக் கடந்துதான் நானும் போய்வருகிறேன். நீயும் போய்வரலாம்.

பதில் எழுது. வண்டிக்கும் பதில் எழுது, வீட்டுக்கும் பதில் எழுது.

உன் அக்கா,
ரூமியானா


அக்டோபர் 30

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். கம்பளி கிடைத்தது.

வண்டி விஷயம். ஒவ்வொரு வண்டியின் உருவத்துக்கும் ஒரு புள்ளி உண்டு. அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் விளையாட்டு வண்டியைத் தரையில் வைக்கும். புள்ளி சக்கரத்தின் அடியில் இருந்தால் வண்டி ஒழுங்காக நிற்கும். வயிற்றில் இருந்தால் பாதி புதையும். அசென் செய்த வண்டிகளில் அது எங்கே வேண்டுமானாலும் இருக்கும், சொன்னால் கேட்க மாட்டான். அதனால் ஒவ்வொன்றுக்கும் உயரத்தை நான் கையால் எழுதி வைத்தேன். இப்போது விளையாட்டைச் செய்தவர்கள் நாங்கள் செய்த தரையை எடுத்துவிட்டு, புதிதாக அளந்த தரையைப் போட்டிருக்கிறார்கள். பழைய உயரம் அதற்குப் பொருந்தாது.

பின்தாளில் எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கிறேன். வண்டியைத் தொட்டால் அதன் உயரம் ஒரு எண்ணாக வரும். எண்ணைக் கூட்டினால் ஏறும், குறைத்தால் இறங்கும். சக்கரத்துக்கும் அதன் நிழலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. அதுதான் அளவு.

டேங்கரை மட்டும் தொடாதே. பிறகு சொல்கிறேன்.

முழங்காலுக்குத் தைலம் தேய்.

லூபன்


நவம்பர் 21

என் பேச்சுக்காரத் தம்பிக்கு,

நலம், நலம், நலம். உன் பங்குக்கும் சேர்த்து நானே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வருவாயா என்று கேட்டதற்கு எந்தப் பின்தாளில் பதில் இருக்கிறது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பட்டன் படம்தான் இருந்தது.

நீ சொன்ன புள்ளிக்குத் தொப்புள் என்று பெயர் வைத்துவிட்டேன். படிக்கட்டு வண்டியை இறக்கினேன், அது தரையைத் தாண்டிக் காணாமலே போனது. பூமிக்கு அந்தப் பக்கம் நியூசிலாந்தில் வந்திருக்கும். திரும்ப ஏற்றினேன். நிழலோடு ஒட்டிக்கொண்டு அழகாக நின்றது. தீயணைப்பு வண்டிதான் பிடிவாதம். அதைத் திட்டிக்கொண்டிருந்தபோது கதவை யாரோ தட்டினார்கள்.

நேவெனா.

"யார்கூட ரூமி சண்டை போடுற? கீழ வரைக்கும் கேக்குது."

"தீயணைப்பு வண்டிகூட. மேல வாடின்னா வரமாட்டேங்குது."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக நம் வீட்டுக்குள் வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. திரையில் நம் விமான நிலையத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டு வண்டியின் கதவில் அசென் தன் பேரைச் சின்னதாக எழுதியிருக்கிறானே, அதை விரலால் தொட்டாள்.

"எல்லாம் ஏன் பொதஞ்சு கெடக்கு?"

"உன் புருஷன் தொப்புளைத் தப்பான எடத்துல வச்சுட்டுப் போய்ட்டான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அந்தப் பேரை இன்னொரு முறை தடவினாள். பிறகு, "அவன் சட்டைப் பொத்தானையே ஒழுங்காப் போட்டதில்ல," என்றாள். பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இப்போது நான் எண்ணை மாற்றுகிறேன், அவள் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துச் சொல்கிறாள். என் கண்ணைவிட அவள் கண் நல்ல கண்.

உன் பேரை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டேங்கர் மட்டும்தான் பாக்கி. என்ன செய்ய?

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெறும் தலையோடு நடக்காதே.

ரூமியானா


டிசம்பர் 18

அக்கா,

நலம். பண்டிகைக்கு நீ அனுப்பியது வந்தது. பாதியை இங்கே பிடித்துக்கொண்டார்கள்.

டேங்கரை ஏற்றாதே. அதன் வலது பின்சக்கரம் ஒரு சாண் கீழேதான் இருக்க வேண்டும். அது பிழை இல்லை.

கோர்ட்டில் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். அதிகாரி ஐயா படித்தாலும் பரவாயில்லை. வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும் என்பது சட்டம். எங்கள் விமான நிலையத்தில் யாரும் கட்டை போட்டதே இல்லை. விமானம் நிற்கிற இரண்டாம் நிறுத்தத்தில் வடிகால் மூடிக்குப் பக்கத்தில் சிமெண்ட் அமுங்கி ஒரு பள்ளம் இருந்தது. பின்னால் எடுத்துக்கொண்டே வந்தால் சக்கரம் அதில் 'டொக்' என்று இறங்கும். இறங்கினால் போதும், வண்டி மலை மாதிரி நிற்கும். கண்ணாடியைப் பார்க்கவே வேண்டாம், டிரைவர் எல்லாரும் அந்த 'டொக்'கை வைத்துத்தான் நிறுத்துவோம். விளையாட்டிலும் அசெனும் நானும் அந்தப் பள்ளத்தைக் கையால் செய்து, டேங்கரை அதில் உட்காரவைத்தோம்.

பித்தப்பையை எடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அது. மழை. பின்னால் எடுத்தேன். 'டொக்' வரவில்லை. இன்னும் கொஞ்சம் எடுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம்.

பத்து வருடமாக இறங்கிய பள்ளத்தை அன்றைக்கு ஒரு சாண் விலகித் தவறவிட்டேன். அவ்வளவுதான் நடந்தது. பள்ளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால் எல்லா டிரைவருக்கும் வேலை போயிருக்கும். கவனக்குறைவு என்றார்கள், ஆமாம் என்றேன். உண்மையும் அதுதான். ஒவ்வொரு நாளும் அந்த வண்டியை மனசுக்குள் திரும்ப நிறுத்திப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் இறங்கிவிடுகிறது.

விளையாட்டிலாவது அது சரியாக நிற்கட்டும்.

லூபன்


ஜனவரி 12

தம்பி,

உன் உடம்பு நலமாக இருக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு படி. மூன்று நாளாக நான் யாரையும் கிண்டல் செய்யவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எனக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார்கள்.

டேங்கரைப் பார்க்கும்போது நேவெனா கூட இருந்தாள். அவள் குனிந்து பார்த்து, "இது பொதஞ்சிருக்கே, ஏத்து," என்றாள்.

"ஏத்தக் கூடாது. அங்க பள்ளம் இருக்கு. அதுல நிக்குது."

"இப்ப எங்க இருக்கு பள்ளம்?"

"இருக்காம். லூபன் எழுதியிருக்கான்."

இரண்டு மாதத்தில் அவள் எதிரில் உன் பேரைச் சொன்னது அதுதான் முதல்முறை. அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். நான் போய்க் குழாயை மூடினேன். அப்புறம்தான் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

"அந்தப் பள்ளத்தை அடைச்சுட்டாங்க ரூமி. லூபன் ஆஸ்பத்திரில இருந்தப்பவே. அசென்தான் ஆள வச்சு அடைச்சான், அவன் ஓட்டுற லக்கேஜ் வண்டி அதுல மாட்டிக்குதுன்னு. அடைச்சுட்டு எல்லார்கிட்டயும், 'லூபன் கிட்ட யாரும் மூச்சு விடாதீங்க, அவன் வந்து பள்ளத்தத் தேடுறப்போ மொகத்தப் பாக்கணும்'னு சொல்லி வச்சான். அன்னிக்குக் காலைல காபி குடிக்கிறப்பவே சிரிப்பு அவனுக்கு. 'கெழவன் முன்னாடி பின்னாடின்னு தேடுவான் பாரு, நான் பின்னாடியே நின்னு கண்ணாடில அவன் மொகத்தப் பாப்பேன்'னான். சிரிச்சுக்கிட்டேதான் கதவச் சாத்துனான்."

"ஏண்டி இதை யார்கிட்டயும் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? எம் புருஷன் வெளையாட்டுக்குச் செத்தான்னா? அவங்கூட வேல செஞ்சவங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் வாயத் தெறக்கல. உன் தம்பியும் பள்ளத்தப் பத்திப் பேசவே இல்ல. சரி, தெரிஞ்சுதான் பேசாம இருக்கான்னு நெனச்சேன்."

உனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. உனக்கு எதுவுமே தெரியாது. எனக்கு இது எல்லாமே புதுசு.

லூபன், நீ ஒரு சாண் விலகவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்தாய். பள்ளம்தான் அங்கே இல்லை.

வக்கீலிடம் வந்து சொல்ல நேவெனா தயாராக இருக்கிறாள். உன் நல்ல பேரைத் திரும்ப வாங்கலாம், வேலைகூடக் கிடைக்கலாம். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது. மறுநாளே போகிறோம்.

பத்திரமாக இரு. சாப்பிடு.

ரூமியானா


மார்ச் 1

அன்புத் தம்பிக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தேன், நீ வரவில்லை என்றார்கள். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன், இருக்கிறார் என்றார்கள். 'இருக்கிறார்' என்பது ஒரு பதிலா?

இன்றைக்கு மார்ச் முதல் தேதி, எல்லாரும் கையில் நூல் கட்டிக்கொள்கிற நாள். சிவப்பும் வெள்ளையுமாக நூல் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று நான் திரித்தது, முறுக்கு சரியில்லாமல் இருக்கும். மற்றது யார் திரித்தது என்று கேட்காதே, சொல்ல வேண்டாம் என்றாள். ஏதாவது ஒன்றைக் கையில் கட்டிக்கொள். மரம் பூத்ததும் அவிழ்த்துக் கிளையில் கட்டு. அங்கே மரம் இல்லையென்றால் அதிகாரி ஐயா மேல் கட்டு.

டேங்கரை அப்படியே வைத்திருக்கிறோம். யாரும் தொடவில்லை.

நல்ல சேதி எழுது. கெட்டதாக இருந்தாலும் எழுது.

ரூமியானா


மார்ச் 20

அக்கா,

நலம். நூல் வந்தது. இரண்டையும் கட்டியிருக்கிறேன்.

வக்கீலிடம் போக வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் விலகியதாகவே இருக்கட்டும். ஊரில் அவனைக் கெட்டிக்காரன் என்றுதான் சொல்வார்கள். அப்படியே சொல்லட்டும்.

ஒன்று மட்டும் உனக்கு. அன்றைக்குக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. பல் எல்லாம் தெரிந்தது. வலியில் கத்துகிறான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்திருக்கிறான். அப்படியானால் நான் அவனைப் பார்த்தபோது இன்னும் நேரம் இருந்திருக்கிறது. கண்ணாடியில் அவனைப் பார்த்த பிறகும் நான் காத்துக்கொண்டிருந்தது அந்த 'டொக்'குக்காகத்தான்.

டேங்கரை ஒரு சாண் கீழேயே வை. தரை சமமாக இருந்தாலும் பரவாயில்லை. யார் புகார் செய்தாலும் ஏற்றாதே.

தைலம் தேய்க்கிறாயா?

லூபன்


ஏப்ரல் 25, சிலிஸ்த்ரா

அக்கா,

நலம். நீ கோபமாக இருப்பாய். ஒரு நாள் முன்னாலேயே விட்டுவிட்டார்கள், முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இங்கே ஆற்றங்கரையில் மணல் சலிக்கும் இடத்தில் வேலை. அறை இருக்கிறது, உறையின் மேல் விலாசம் எழுதியிருக்கிறேன். வண்டி ஓட்டும் வேலை இல்லை.

முன்பு கோர்ட்டில் நேவெனா என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அது எனக்குப் பழகிவிட்டது. அதோடு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் முகத்தைத் திருப்ப மாட்டாள். எனக்கு அதுதான் முடியாது.

நீ வர வேண்டாம். முழங்கால் தாங்காது, தூரம்.

லூபன்


மே 2

அன்புள்ள மணல் சலிப்பவருக்கு,

நான் நலம். சிறை வாசலில் விடியற்காலையிலிருந்து நின்றவள் எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். உன் கோட்டை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தேன். நல்ல சகுனத்துக்கு நீ நடக்கிற வழியில் ஊற்ற ஒரு புட்டி தண்ணீர் எடுத்து வந்திருந்தேன். "நேத்தே போய்ட்டாரேம்மா," என்றான் காவல்காரன். தண்ணீரை நானே குடித்தேன். கோட்டை நானே போட்டுக்கொண்டு வந்தேன், காற்று அப்படி.

நேவெனா ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். கோட்டைத்தான் முதலில் பார்த்திருப்பாள் போல. கீழே ஓடி வந்தாள். கோட்டுக்குள்ளே நான் இருந்தேன். திரும்பிப் போனாள்.

டேங்கரை நீ சொன்ன மாதிரியே ஒரு சாண் கீழேயே விட்டுவிட்டோம். போலந்துக்காரர் மறுபடி எழுதினார், சக்கரம் புதைந்திருக்கிறது என்று. நேவெனா போனை வைத்து மொழிபெயர்த்து அவளே பதில் போட்டாள்: "இது சரியாகத்தான் இருக்கிறது." அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

நீ வர வேண்டாம் என்று எழுதியதைப் படித்தேன். எனக்குப் படிப்பு குறைவு, சில வரிகள் புரிவதில்லை.

ரூமியானா


மே 19

தம்பி லூபனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? மணல் தூசி நெஞ்சுக்கு ஆகாது, வாயில் துணி கட்டிக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் நேவெனாவும் உன் விலாசத்துக்கு வந்தோம். பஸ்ஸில் அவளுக்கு வாந்தி. எனக்கு முழங்கால். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு வந்ததில் தூரம் தெரியவில்லை. ஊருக்குள் ஒரு டாக்ஸி பிடித்தோம்.

நீ வீட்டில் இல்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னாள். உன் செருப்பு கதவுக்கு வெளியே இருந்தது. வேறு செருப்பு போட்டுக்கொண்டு போயிருப்பாய். உள்ளே ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. மின்சாரம் போயிருக்கும்.

நேவெனா கதவுக்கு முன்னால் நின்றாள். நீ இல்லாததால் கதவிடமே பேசினாள். கதவு உனக்குச் சொல்லியிருக்காது என்பதால் நான் எழுதுகிறேன்.

"ஏ லூபன், நீ இருந்தா இருந்துக்கோ, இல்லாட்டி இல்லாம இரு. நான் உன்ன மன்னிக்க வரல. அந்தப் பேச்ச எடுத்தா எனக்கே பத்திக்கிட்டு வருது. காலைல காபி குடிக்கிறப்போ, 'வேணாண்டா, ஆஸ்பத்திரில இருந்து வந்தவங்கிட்ட என்ன வெளையாட்டு'ன்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நானும் சேந்துதான் சிரிச்சேன். இதத் தெரிஞ்சவ அந்தக் கட்டடத்துல நான் ஒருத்திதான். ரூமிக்கு இப்பத்தான் தெரியும், அவ மொகத்தப் பாரு எப்படிப் போகுதுன்னு. நீ வரலேன்னா படிக்கட்டுல யாரப் பாத்து நான் மொகத்தத் திருப்பிக்கறது? செவுத்தையா? அதத்தான் ரெண்டு வருஷமாப் பாத்துட்டேன்."

பிறகு கொஞ்ச நேரம் நின்றோம். கதவுக்கு உள்பக்கம் ஒரு பலகை கிறீச்சென்றது. மரம் வெயிலுக்கு அப்படித்தான் சத்தம் போடும்.

நாங்கள் உனக்காக உருளைக்கிழங்கும் கறியும் போட்டு முசாக்கா செய்து கொண்டுவந்திருந்தோம். நேவெனாவின் பெரிய தட்டு, அவள் கல்யாணத்துக்கு வந்தது. டாக்ஸியிலிருந்து இறங்கும்போது என் முழங்காலைப் பிடித்து இறக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அதனால் தட்டை டாக்ஸியின் கூரை மேல் வைத்தாள். சூடு குறைந்திருக்கிறதா பார்க்க மூடியை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தாள். டாக்ஸி தட்டோடு போய்விட்டது.

மூடியை உன் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறோம்.

ரூமியானா